சீசனும் ஒரு சின்னத் தீவும்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டிய அன்று நான் பெயர் கொடுக்கவில்லை. நமக்கு எதற்கு எழுத்து வேலை என்று இருந்துவிட்டேன். ஆனால் ஐந்தாம் பருவத்தில் எனக்கு வந்த செமினார் தலைப்பு "தீவுகளில் மின்சாரம்". அதற்காகப் படிக்க ஆரம்பித்தவன் கரண்டை விட்டுவிட்டுத் தீவையே படிக்க ஆரம்பித்துவிட்டேன். செமினார் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. மிச்சம் மனதிலேயே நின்றது. அந்த மிச்சம்தான் இந்தக் கட்டுரை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கிரேக்க நாட்டைப் பார்த்தவன் இல்லை. மதுரையைத் தாண்டியே இரண்டு தடவைதான் போயிருக்கிறேன். ஆனால் சீசன் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊர் குற்றாலம்.

விடுமுறை என்றால்...

எங்கள் வீட்டில் விடுமுறை என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: கூலி இல்லாத நாள். அப்பா சிப்ஸ் கடையில் நேந்திரங்காய் சீவி எண்ணெயில் போடுகிறவர். அம்மா ஒரு லாட்ஜில் அறை கூட்டித் துடைத்து, படுக்கை விரிப்பு துவைப்பவர். ஆனி, ஆடியில் சாரல் அடித்தால் எங்களுக்கு வாழ்வு. அப்புறம் கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப சாமிகள் வந்தால் கொஞ்சம். மற்ற மாதங்களில் அப்பா கிடைத்த வேலைக்குப் போவார். அவர் பத்தாம் வகுப்பு வாசலை மிதித்ததில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படிக்கட்டு ஏறியவன் நான்தான் முதல்.

செமினாருக்குப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை, தீவுப் படங்களை அப்பாவுக்குக் காட்டினேன். வெள்ளை வீடு, நீலக் கடல், குடைக்குக் கீழே படுத்திருக்கும் வெள்ளைக்காரர்கள். அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் கேட்டார்:

"ஏல, அங்க சீசன் எப்பம்?"

"மே மாசத்துல இருந்து அக்டோபர் வரைக்கும்பா."

"சரி. சீசன் இல்லாதப்பம் அவங்க என்னலே செய்வாங்க?"

என்னிடம் பதில் இல்லை. நான் படித்த எதிலும் அந்தக் கேள்வி முதல் பக்கத்தில் இல்லை. நண்பர்களே, இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடிப் போன கதைதான்.

எங்கே இருக்கிறது?

கிரேக்க நாட்டுக்குச் சின்னதும் பெரியதுமாக ஏறத்தாழ 6000 தீவுகள், திட்டுகள் உண்டு. அவற்றில் மக்கள் குடியிருப்பவை 227 என்று சொல்கிறார்கள். சாண்டோரினி, மிக்கனோஸ் என்று சினிமாப் பாட்டில் பார்த்த தீவுகள் நமக்குத் தெரியும். நான் சொல்லப் போவது அவற்றை அல்ல. தீலோஸ் என்ற ஒரு சின்னத் தீவைப் பற்றி.

ஏஜியன் கடலின் தென்கிழக்கு மூலையில், துருக்கிக் கரைக்குப் பக்கத்தில், டோடெகனீஸ் என்ற தீவுக் கூட்டம் இருக்கிறது. அதில் ரோட்ஸ் பெரிய தீவு. கோஸ் அதற்கு அடுத்து பிரபலமானது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தீலோஸ். பரப்பு 60 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். குளிர்காலத்தில் அங்கே இருக்கிறவர்கள் ஏறத்தாழ 500 பேர். நம் கல்லூரியில் மூன்று வருட மாணவர்களையும் ஒன்றாக நிறுத்தினால் அந்தத் தீவு மக்களைவிட நாம் அதிகம்!

ஊர் என்று சொன்னால் இரண்டுதான். துறைமுகம் இருக்கிற லிவாதியா ஒன்று. அங்கிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி மலைச்சரிவில் மெகாலோ ஹோரியோ. அப்படியென்றால் கிரேக்கத்தில் "பெரிய ஊர்" என்று அர்த்தம். பெயர்தான் பெரிய ஊர், ஒரு மூச்சில் சுற்றி வந்துவிடலாம். ஊருக்கு மேலே, மால்டா வீரர்கள் என்று பிற்காலத்தில் பெயர் பெற்ற செயின்ட் ஜான் மறவர்கள் கட்டிய கோட்டை இடிந்து நிற்கிறது. அவர்களுக்குப் பிறகு துருக்கியர் ஆண்டார்கள். 1912இல் இத்தாலியர் பிடித்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1948இல்தான் இந்தத் தீவுகள் முறைப்படி கிரேக்கத்தோடு சேர்ந்தன. நமக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருடம்!

காற்று சொன்னால் கப்பல் நிற்கும்

தீலோஸில் விமான நிலையம் கிடையாது. ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்கள் ரோட்ஸுக்கோ கோஸுக்கோ விமானத்தில் வந்து, அங்கிருந்து கப்பல் பிடிக்க வேண்டும். ரோட்ஸிலிருந்து விரைவுப் படகில் ஏறத்தாழ 2 மணி நேரம். ஏதென்ஸ் பக்கத்துத் துறைமுகமான பிரேயஸிலிருந்து பெரிய கப்பலில் வந்தால் ஒரு இரவு முழுக்கக் கடலிலேயே போய்விடும். கப்பலின் பின்பக்கக் கதவு இறங்கியதும் லாரி, கார், ஆட்கள், மாவு மூட்டை, கேஸ் சிலிண்டர் எல்லாம் ஒரே வழியாக இறங்கும். தீவுக்குள் வருகிற எந்தப் பொருளுக்கும் அந்தக் கதவுதான் வாசல்.

ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து ஒரு காற்று அடிக்கும். மெல்தேமி என்று பெயர். வானத்தில் மேகம் ஒரு துணுக்குகூட இருக்காது, வெயில் பளிச்சென்று இருக்கும், ஆனால் காற்று மட்டும் நாள் கணக்கில் விடாது. வெயிலின் கடுமையைத் தணிப்பதும் அதுதான், கப்பலை நிறுத்துவதும் அதுதான். காற்றை அளக்க போஃபர்ட் என்ற அளவு இருக்கிறது. அதில் 8 வந்துவிட்டால் பெரிய கப்பல்களும் பொதுவாகத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பக் கூடாது. சின்னப் படகுகளுக்கு அதற்கு முன்பே தடை. இந்தத் தடைக்குக் கிரேக்க மொழியில் தனிச் சொல்லே இருக்கிறது.

இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஐந்தருவியில் தண்ணீர் மிஞ்சினால் போலீஸ்காரர் கயிறு கட்டி "குளிக்கத் தடை" என்று போடுவார் இல்லையா? அன்று சிப்ஸ் கடையில் யாவாரம் படுத்துவிடும். சீசனைக் கொடுக்கிற சாரலே சீசனைக் கெடுக்கவும் செய்யும். அவர்களுக்குக் காற்று, எங்களுக்குத் தண்ணீர்.

போனவர்கள் என்ன செய்கிறார்கள்?

பெரிய தீவில் இருப்பது போல ராத்திரி ஆட்டபாட்டம், வரிசையாக நட்சத்திர ஓட்டல் எல்லாம் தீலோஸில் இல்லை. குடும்பங்களே தங்கள் வீட்டை ஒட்டி நாலைந்து அறை கட்டி வாடகைக்கு விடுகின்றன. சின்ன ஓட்டல்கள் உண்டு. காலையில் நடை. பழைய கழுதைப் பாதைகள்தான் இப்போது நடைபாதைகள். பகலில் கடல். எரிஸ்தோஸ் என்ற கடற்கரை நீளமாக, கூட்டமில்லாமல் கிடக்கும். மதியம் 3 மணியிலிருந்து ஐந்தரை வரை கோடைகாலத்தில் சத்தம் போடக்கூடாது என்று நாடு முழுக்கவே விதி. எல்லோரும் தூங்குவார்கள். (நம் விடுதியில் இந்த விதி வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!)

சாயங்காலம் தவெர்னா என்கிற சாப்பாட்டுக் கடை. குடும்பமே நடத்தும். அம்மா அடுப்படியில், அப்பா கல்லாவில், பிள்ளைகள் பரிமாற. தக்காளி, வெள்ளரி, வெங்காயம், ஆலிவ், மேலே ஒரு கட்டி ஃபெட்டா பாலாடைக்கட்டி, இதுதான் அவர்களின் கிராமத்து சாலட். அரிசி திணித்துச் சுட்ட ஆட்டுக்கறி விசேஷம். தீவில் மனிதர்களைவிட ஆடுகள் அதிகம்.

சிவில் பிரிவு நண்பர்களுக்கு ஒரு செய்தி. இந்தத் தீவுகளில் கழிப்பறையில் காகிதத்தைப் போடக்கூடாது, பக்கத்தில் உள்ள கூடையில்தான் போட வேண்டும் என்று எழுதி வைத்திருப்பார்கள். காரணம், பழைய கழிவுநீர்க் குழாய்களின் விட்டம் மிகக் குறுகல், அடைத்துக்கொள்ளும். அம்மாவிடம் சொன்னேன். "அப்பம் அதையும் ஒருத்தி தினமும் அள்ளிப் போடணும்லா?" என்றார். சுற்றுலா விளம்பரத்தில் அந்த ஒருத்தி எப்போதும் இருக்க மாட்டார்.

ஜூலை 25 முதல் 27 வரை, தீவின் வடமேற்கில் மலைமேல் இருக்கிற புனித பாந்தலெய்மோன் மடத்தில் திருவிழா. ஆகஸ்ட் 15இல் மாதாவின் திருநாள், கிரேக்கம் முழுவதற்கும் பெரிய பண்டிகை. நம் ஊரில் கோயில் கொடைக்கு வெளியூர்க்காரர்கள் எல்லாம் வந்து சேருவது போல, அன்று ஏதென்ஸிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் தீவுக்காரர்களின் பிள்ளைகள், பேரன்கள் சொந்த ஊருக்கு வருவார்கள். ஆக, சீசனில் வருகிற கூட்டம் எல்லாம் விருந்தாளி அல்ல. ஊரை விட்டுப் போன சொந்தக்காரர்களும் அதில் உண்டு. இதை மறக்காதீர்கள், பின்னால் வருகிறேன்.

குட்டை யானையும் ஆளில்லாத ஊரும்

தீலோஸில் ஹர்காதியோ என்று ஒரு குகை. 1971இல் அங்கே தோண்டியபோது யானை எலும்புகள் கிடைத்தன. அதுவும் ஆள் உயரமே இருக்கும் குட்டை யானைகள்! ஐரோப்பாவில் கடைசிவரை வாழ்ந்த யானைகள் இவைதான் என்கிறார்கள். யானை ஏன் குட்டையானது? தீவில் தீனி குறைவு, வேட்டையாடும் பெரிய விலங்கும் இல்லை. பெரிய உடம்பு வைத்துக்கொள்வது நஷ்டம். தலைமுறை தலைமுறையாக உருவம் சிறுத்துக்கொண்டே வந்துவிட்டது. தீவில் வாழ்வதற்கு முதல் பாடம், இருப்பதற்குத் தக்கபடி அளவைச் சுருக்கிக்கொள்வது.

இன்னொரு இடம் மிக்ரோ ஹோரியோ, "சின்ன ஊர்". கல் வீடுகள் வரிசையாக நிற்கின்றன. கூரை இல்லை, ஆள் இல்லை. கடற்கொள்ளையருக்குப் பயந்து மலையில் கட்டிய ஊர் அது. போருக்குப் பிறகு மக்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் துறைமுகத்துக்கு இறங்கினார்கள். பலர் அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று கப்பல் ஏறிவிட்டார்கள். 1960களில் அந்த ஊர் முழுக்கக் காலி. கோயில் மட்டும் பூட்டிக் கிடக்கிறது. கோடைகாலத்தில் மட்டும் அந்த இடிபாடுகளுக்கு நடுவே ஒரு வீட்டைச் சரிசெய்து ராத்திரி நேரத்தில் இசையோடு ஒரு மதுக்கடை நடத்துகிறார்கள். சில வீடுகளுக்குள் விளக்கு வைத்திருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஊரில் ஆள் இருப்பது போலவே தெரியுமாம்.

இந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு என்னவோ செய்தது. விளக்கு எரிகிறது, ஆனால் வீட்டில் யாரும் இல்லை.

கரண்டு எங்கிருந்து வருகிறது?

இனி நம் பாடம். எலெக்ட்ரிக்கல் நண்பர்கள் கவனிக்கவும். மற்றவர்கள் பயப்பட வேண்டாம், சூத்திரம் எதுவும் போடவில்லை.

பெரும்பாலான சின்னத் தீவுகளுக்கு மின்சாரம் வந்தது டீசல், ஃபர்னஸ் ஆயில் எரிக்கும் நிலையங்களிலிருந்துதான். எண்ணெய் கப்பலில் வரவேண்டும். தீலோஸுக்குச் சொந்த நிலையமும் இல்லை. கோஸ் தீவில் எண்ணெய் எரித்து உண்டாக்கிய மின்சாரம், நிசிரோஸ் என்ற எரிமலைத் தீவு வழியாக, கடலுக்கடியில் போட்ட கேபிளில் வந்தது. ஒரே கேபிள். அதில் பழுது வந்தால் தீவே இருட்டு. கடலுக்கடியில் இருக்கும் கேபிளில் பழுது பார்ப்பது நம் தெருக் கம்பத்தில் ஏறிப் பியூஸ் போடுகிற வேலை இல்லை. ஆகஸ்டில், எல்லா அறையும் நிறைந்திருக்கும் நேரத்தில், கரண்டு போனால் என்ன ஆகும்? குளிர்பெட்டியில் மீனும் கறியும் கெடும். தண்ணீர் மோட்டார் ஓடாது. ஒரு வருட வருமானத்தில் பெரிய ஓட்டை.

2015இல் ஒரு திட்டம் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆராய்ச்சி நிதி. அதற்குத் தலைமை ஏற்றது யார் தெரியுமா? பிரேயஸில் இருந்த ஒரு தொழில்நுட்பக் கல்வி நிறுவனம்! நம் பாலிடெக்னிக்குக்கு அண்ணன் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். 2018இல் அது ஏதென்ஸின் இன்னொரு நிறுவனத்தோடு இணைந்து மேற்கு அட்டிக்காப் பல்கலைக்கழகம் ஆனது.

அவர்கள் தீவில் வைத்தது மூன்று பொருள். ஒன்று, 800 கிலோவாட் காற்றாலை, ஒன்றே ஒன்று. இரண்டு, 160 கிலோவாட் சூரியத் தகடுகள். மூன்று, ஏறத்தாழ 2.4 மெகாவாட்-மணி மின்கலத் தொகுதி. நம் கணக்கில் சொன்னால் 2400 யூனிட். ஊர் மொத்தமும் 400 கிலோவாட் இழுத்துக்கொண்டிருந்தால், காற்றும் வெயிலும் இல்லாமலே 2400-ஐ 400ஆல் வகுக்க, 6 மணி நேரம் தாங்கும்.

மின்கலம் எதனால் ஆனது? நம் செல்போனில் இருக்கும் லித்தியம் இல்லை. சோடியம்-நிக்கல் குளோரைடு. அதாவது சாப்பாட்டு உப்பும் நிக்கலும்! சுமார் 270 டிகிரி செல்சியஸ் சூட்டில் உள்ளே உருகிய நிலையில் வேலை செய்யும். உள்ளே அவ்வளவு சூடு என்பதால் வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் அதற்குக் கவலை இல்லை. குளிர்சாதனம் போட்டுப் பாதுகாக்க வேண்டிய அவசியமும் இல்லை. சூடான தீவுக்குப் பொருத்தமான தேர்வு.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் மெல்தேமி காற்றுதான். விருந்தாளிகள் அதிகம் வருவது ஜூலை, ஆகஸ்டு. ஏசி, ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாம் அதிகம் ஓடுவது அப்போது. மெல்தேமி அதிகம் வீசுவதும் அப்போதேதான்! எப்போது லோடு ஏறுகிறதோ அப்போதே காற்றும் ஏறுகிறது. பகலில் வெயில் கை கொடுக்கும். சாயங்காலம் சூரியன் இறங்கி, தவெர்னாக்களில் அடுப்பும் விளக்கும் ஏறும் நேரத்தில் மின்கலம் கை கொடுக்கும். மிஞ்சினால் அதே பழைய கேபிள் வழியாகக் கோஸ் பக்கம் திருப்பி அனுப்பலாம். வாங்கிக்கொண்டே இருந்த கேபிள், கொடுக்கவும் கற்றுக்கொண்டது!

தீவு முழுக்க முழுக்கச் சொந்தக் கரண்டில் ஓடுகிறது என்று சொன்னால் அது மிகை. காற்று இல்லாத நாட்களில் இன்னும் கோஸிலிருந்துதான் வாங்க வேண்டும். ஆனால் தேவையின் பெரும் பகுதி இப்போது உள்ளூர்க் காற்றும் வெயிலும்தான். பல வீடுகளில் மக்கள் தாங்களே முன்வந்து ஸ்மார்ட் மீட்டர் வைத்துக்கொண்டார்கள். 2017இல் இந்தத் திட்டத்துக்கு ஐரோப்பிய அளவில் இரண்டு விருதுகள் கிடைத்தன. அதில் ஒன்று மக்கள் ஓட்டுப் போட்டுக் கொடுத்தது.

தீலோஸ் மட்டும் இல்லை. கித்னோஸ் என்ற தீவில் 1982இலேயே ஐரோப்பாவின் முதல் காற்றாலைப் பண்ணை வைத்தார்கள். தீவுதானே என்று நாம் நினைக்கிறோம், பல காரியங்களைத் தீவில்தான் முதலில் செய்து பார்க்கிறார்கள். சின்ன இடத்தில் தப்பும் சரியும் சீக்கிரம் தெரிந்துவிடும்.

தண்ணீரும் குப்பையும்

ஏஜியன் கடலில் மழை பெய்வது குளிர்காலத்தில். விருந்தாளி வருவது கோடையில். தேவைக்கும் இருப்புக்கும் ஆறு மாத இடைவெளி. தீலோஸில் ஊற்றுகள் இருப்பதால் ஓரளவு தப்பித்தது. வறண்ட தீவுகள் பலவற்றுக்குக் குடிதண்ணீரே கப்பலில் போன காலம் உண்டு. இப்போது பல இடங்களில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள். அதில் ஒரு கன மீட்டர், அதாவது 1000 லிட்டர் நல்ல தண்ணீர் எடுக்க ஏறத்தாழ 3 முதல் 4 யூனிட் மின்சாரம் செலவாகும். ஆக, தண்ணீர்ப் பிரச்சினையும் சுற்றிச் சுற்றிக் கரண்டுக்கே வந்து நிற்கிறது.

குப்பை? அதற்கும் தீவில் இடம் கிடையாது. குழி நிறைந்தால் அடுத்த குழிக்கு எங்கே போவது? 2021ஆம் ஆண்டின் கடைசியில் தீலோஸில் ஒரு புதிய ஏற்பாடு தொடங்கியது. தெருவில் இருந்த குப்பைத் தொட்டிகளை எடுத்துவிட்டார்கள். வீட்டிலேயே குப்பையைப் பிரித்து வைக்க வேண்டும். வண்டி வாசலுக்கே வந்து வாங்கிப் போகும். மக்குவது உரமாகிறது, மற்றவை தரம் பிரித்து அனுப்பப்படுகின்றன. ஊர்க் குப்பை மேட்டை மூடிவிட்டார்கள். 1993லேயே தீவில் வேட்டைக்குத் தடை போட்டவர்கள் இவர்கள். அதனால் அபூர்வமான கழுகுகளும் வல்லூறுகளும் அங்கே இருக்கின்றன. எலியனோரா என்ற ஒரு வல்லூறு ஆப்பிரிக்காப் பக்கத்து மடகாஸ்கரில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு ஒவ்வொரு வருடமும் ஏஜியனுக்கு வருகிறது. அதுவும் சீசனுக்கு வரும் விருந்தாளிதான்!

சீசன் இல்லாதப்பம்...

அப்பா கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

அக்டோபர் கடைசியில் விமானங்கள் நிற்கும். தவெர்னாக்கள் நாற்காலியைக் கவிழ்த்து வைக்கும். கப்பல் வருகை குறையும். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் திரும்பிப் போவார்கள். இருக்கிறவர்கள் ஆலிவ் பறிப்பார்கள், ஆடு மேய்ப்பார்கள், படகுக்கு வண்ணம் அடிப்பார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவார்கள். சீசன் தொழிலாளிகளுக்கு அரசு சில மாதங்கள் வேலையில்லாப் படி கொடுக்கிறது. ஆறு மாதம் சம்பாதித்ததைப் பன்னிரண்டு மாதம் நீட்ட வேண்டும்.

நாடு முழுக்கவே அப்படித்தான். கிரேக்க நாட்டின் மக்கள் தொகை ஒரு கோடியைச் சற்றுத் தாண்டும். 2019இல் அங்கே வந்த வெளிநாட்டு விருந்தாளிகள் சுமார் 3 கோடியே 13 லட்சம். மறு வருடம், 2020இல், கொரோனா. வந்தவர்கள் சுமார் 74 லட்சம்தான். நாலில் மூன்று பங்கு காணவில்லை. 2023இல் மறுபடி 3 கோடியே 20 லட்சத்தைத் தாண்டிவிட்டது. புள்ளிவிவரத்தில் பார்த்தால் பள்ளம் நிரம்பிவிட்டது. ஆனால் அந்த ஒரு வருடம் அவர்கள் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். 2020இல் குற்றாலத்தில் அருவி விழுந்துகொண்டே இருந்தது, குளிக்க ஒருவரும் இல்லை. கடை திறக்கவில்லை, லாட்ஜ் திறக்கவில்லை. அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது. இன்றுவரை திரும்பவில்லை. என் கல்விக் கட்டணமும் அதற்குப் பிறகு வந்ததால் கம்மல் பின்னால் போய்விட்டது.

சீசன் நன்றாக நடந்தாலும் வேறு தொல்லை. பிரபலமான தீவுகளில் வீட்டுக்காரர்கள் கோடையில் விருந்தாளிக்கு விட்டால் அதிகம் கிடைக்கும் என்று பார்ப்பதால், பள்ளிக்கூட ஆசிரியருக்கும் டாக்டருக்கும் தங்க வீடு கிடைப்பதில்லை. விருந்தாளிக்கு அறை உண்டு, வாத்தியாருக்கு இல்லை! வாத்தியார் இல்லாவிட்டால் பிள்ளை உள்ள குடும்பம் ஊரில் நிற்குமா? பிள்ளைகள் இல்லாவிட்டால் பள்ளிக்கூடம் நிற்குமா? மிகச் சின்னத் தீவுகள் சிலவற்றில் ஒரே ஒரு மாணவனுக்காகப் பள்ளி திறந்திருந்தது உண்டு. அவனும் போய்விட்டால் மிக்ரோ ஹோரியோ கதைதான்.

இங்கேதான் தீலோஸின் காற்றாலை வெறும் காற்றாலை இல்லை என்று எனக்குப் புரிந்தது. விருந்தாளி வந்தாலும் வராவிட்டாலும் காற்றாலையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மின்கலத்தைக் கண்காணிக்க வேண்டும். குப்பையைப் பிரிக்க ஜனவரியிலும் ஆள் வேண்டும். எண்ணிக்கையில் சில வேலைகள்தான். ஆனால் 500 பேர் ஊரில் நாலு குடும்பம் குளிர்காலத்தில் தங்கினால், பள்ளியில் நாலைந்து பிள்ளைகள் கூடும். போரில் வீடு இழந்து சிரியாவிலிருந்து வந்த சில குடும்பங்களுக்கும் அந்தத் தீவு இடம் கொடுத்து, உள்ளூரிலேயே வேலை பார்க்க வழி செய்தது. வந்தவர்களும் பிழைத்தார்கள், ஊரும் பிழைத்தது.

அப்பாவுக்குப் பதில்

போன வாரம் வீட்டுக்குப் போனபோது அப்பாவிடம் இதெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே எண்ணெய்ச் சட்டியைத் தேய்த்தார். கடைசியில், "அப்பம் நம்மள மாதிரிதாம்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "படிச்ச பய ஒருத்தன் அந்தக் காத்தாடியப் பாத்துக்கிட்டு ஊர்லயே இருக்கான் பாரு" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. சட்டியைப் பார்த்துத்தான் சொன்னார்.

நண்பர்களே, நம்மில் பலருக்கு இன்னும் சில மாதங்களில் வளாக நேர்முகத் தேர்வு. ஓசூர், சென்னை, ஸ்ரீபெரும்புதூர் என்று கிளம்புவோம். நானும் கிளம்புவேன். கம்மலை மீட்க வேண்டும், அதில் வெட்கம் இல்லை. தீலோஸ்காரர்களும் வயிற்றுக்காகத்தான் கப்பல் ஏறினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் வருடத்துக்கு ஒரு தடவை, கொடைக்கு மட்டும், சொந்த ஊருக்கே விருந்தாளியாக வந்து போகிறவனாக நான் ஆகிவிடுவேனோ என்று ஒரு பயம் இருக்கிறது. அதை இங்கே மறைக்காமல் எழுதிவிட்டேன்.

நம் ஊர்ப் பக்கம் ஆரல்வாய்மொழியிலிருந்து கயத்தாறு வரை எத்தனை காற்றாலைகள்! பஸ்ஸில் போகும்போது எண்ணத் தொடங்கி விட்டுவிடுவோம். அவற்றைப் பழுது பார்க்கிறவன் டிப்ளமோ படித்தவன்தான். அப்பா சட்டியைப் பார்த்துச் சொன்னதை நான் குறித்து வைத்துக்கொண்டேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த சீசனில் குற்றாலம் வந்தால் குளித்துவிட்டு நேராகப் பஸ் ஏறாதீர்கள். சிப்ஸ் வாங்குங்கள். தங்கும் அறையைக் கொஞ்சம் சுத்தமாக விட்டுப் போங்கள். அறையைத் துடைக்க வருகிறவர் உங்களோடு படித்த ஒருவனின் அம்மாவாக இருக்கலாம்.



மூன்றாம் ஆண்டு, மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை